விதி, மதி, ஒரு வால்வு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குப் பிடித்த தலைப்பில் இருபது நிமிடம் பேசு" என்று சங்கச் செயலாளர் சொன்னார். இந்த மேடையில் வழக்கமாக 'இன்றைய பொறியாளரும் வேலைவாய்ப்பும்' என்கிற ரீதியில் பேசுவார்கள். நான் 'மனிதனுக்குச் சுயேச்சை உண்டா?' என்று எழுதிக் கொடுத்தேன். "என்னப்பா, ஆன்மீகமா?" என்றார். "இல்லண்ணா, இன்ஸ்ட்ருமென்டேஷன்தான்" என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அனுமதித்தார்.

கேள்வியை முதலில் நேராக வைத்துக்கொள்வோம். நான் சொல்வது தேர்தலில் நிற்கும் சுயேச்சை அல்ல. இன்று காலை இங்கே வருவதா, வீட்டில் இன்னும் கொஞ்சம் தூங்குவதா என்று யோசித்தீர்கள். வந்துவிட்டீர்கள். அதே காலை, அதே மனநிலை, அதே மூளை, அணுவுக்கு அணு மாறாமல் இன்னொரு முறை வந்தால், அப்போது நீங்கள் தூங்கிப் போயிருக்கவும் முடியுமா? முடியும் என்றால் சுயேச்சை உண்டு. முடியாது என்றால், நீங்கள் இங்கே வந்ததும் மரத்திலிருந்து மாங்காய் விழுந்ததும் ஒரே ஜாதி நிகழ்ச்சி. வழக்கமாக இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்கிற இடமே சரியில்லை என்பது என் கட்சி. அதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நமக்கு இது புதுக் கேள்வி அல்ல. விதியா மதியா என்று எத்தனை பட்டிமன்றம் பார்த்திருக்கிறோம்! கடைசியில் நடுவர் இரண்டு கட்சிக்கும் நோகாமல் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். வள்ளுவர் நடுவர் வேலையே பார்க்கவில்லை. 38-ஆவது அதிகாரத்தில் ஊழை விட வலியது எது என்று கேட்கிறார். 24 அதிகாரம் தள்ளி, ஆள்வினையுடைமையில், சோர்வில்லாமல் முயல்கிறவன் அந்த ஊழையே புறங்காட்டச் செய்வான் என்கிறார். இது முரண்பாடு என்று எங்கள் தமிழாசிரியரிடம் ஒருவன் கேட்டான். "அவர் ரெண்டையும் பாத்திருக்கார்டா" என்றார் அவர். அப்போது அது மழுப்பல் மாதிரி இருந்தது.

விஞ்ஞானப் பக்கம் வந்தால், 1814-இல் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஒன்று சொன்னார். பிரபஞ்சத்தின் ஒவ்வொரு துகளும் இந்த நொடியில் எங்கே இருக்கிறது, எந்த விசைக்கு உட்பட்டிருக்கிறது என்று அறிந்த ஓர் அறிவு இருந்தால், அதற்கு எதிர்காலமும் கடந்த காலம் போலவே கண்முன் தெரியும் என்றார். குவாண்டம் இயற்பியல் வந்து அந்தத் திட்டவட்டத்தைக் கலைத்துவிட்டது, ஆகவே சுயேச்சை பிழைத்தது என்று சிலர் மகிழ்கிறார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி புரியவில்லை. என் கை சீட்டுக் குலுக்கிப் போட்டது போல அசைந்தால் அது என் சுதந்திரமா? இந்தப் பக்கத்தை இத்தோடு விடுகிறேன்.

என்னை உண்மையில் உலுக்கியது மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, லேப் ரெக்கார்டு எழுத வேண்டிய நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படித்த ஒரு சோதனை. 1983-இல் கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் லிபெட் என்ற நரம்பியலாளர் வெளியிட்டது. ஆளை ஒரு கடிகாரத்தின் முன்னால் உட்கார வைக்கிறார். முள்ளுக்குப் பதில் ஒரு ஒளிப்புள்ளி; ஒரு சுற்றுக்கு 2.56 விநாடி. "உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது விரலை, மணிக்கட்டை அசையுங்கள். அசைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்." தலையில் மின்முனைகள்.

எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்ன நேரம், அசைவுக்குச் சுமார் 0.2 விநாடி முன்னால். சரிதான். ஆனால் மூளையில் ஒரு மின்னழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கியது சுமார் 0.55 விநாடி முன்னால்! அதாவது, 'அசைக்கப் போகிறேன்' என்று நான் நினைப்பதற்கு முன்பே மூளை ஆயத்தமாகிவிட்டது. நான் கையெழுத்துப் போடுவதற்குள் ஃபைல் மேலே போய்விட்டது. 2008-இல் ஸ்கேன் இயந்திரத்தை வைத்து இன்னொரு குழு, இடது பட்டனா வலது பட்டனா என்பதை ஏழு முதல் பத்து விநாடி முன்பே மூளையைப் பார்த்துச் சுமார் 60 சதவீதம் சரியாகச் சொல்ல முடிகிறது என்றது. (நாணயம் சுண்டினாலே 50 சதவீதம் கிடைக்கும் என்பதைப் பத்திரிகைச் செய்திகள் சொல்லவில்லை.)

அன்று ராத்திரி விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரனை எழுப்பிச் சொன்னேன். "மச்சி, நீ என்னை எழுப்பினதும் உன் மூளை முன்னாடியே முடிவு பண்ணதுதானா? அப்போ உன் மேல கோபப்பட முடியாது. ஆனா அடிக்கலாம்ல?" என்றான். இவ்வளவு பெரிய தத்துவத்தை அவன் அளவுக்கு யாரும் சுருக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு வேலைக்குப் போய், கருவிகளோடு பத்து வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிய பின், அதே சோதனையை மறுபடி படித்தேன். இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. அந்த மின்னழுத்தம் ஒரே ஒரு அசைவில் தெளிவாகத் தெரிவதில்லை. ஒருவரை நாற்பது முறை அசைக்கச் சொல்லி, அசைந்த கணத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, பின்னோக்கி எல்லாவற்றையும் சராசரி எடுத்தால்தான் அந்த மேடு தெரியும். இன்ஸ்ட்ருமென்டேஷன் மாணவர்களுக்கு இங்கே மூக்கு வேர்க்க வேண்டும். இரைச்சலான ஒரு சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு வரம்பைத் தாண்டினால் ரிலே அடிக்கும். ரிலே அடித்த கணங்களை மட்டும் பொறுக்கி, பின்னோக்கிச் சராசரி எடுத்தால் என்ன வரும்? மெல்ல ஏறும் ஒரு மேடு வரும். அதை யாரும் 'முடிவு' எடுத்து ஏற்றவில்லை. நாம் பொறுக்கிய விதத்தில் வந்தது. 2012-இல் ஷர்கர், சிட், டிஹேன் என்ற மூவர் இதைத்தான் கணித மாதிரியாகவே காட்டினார்கள். 2019-இல் வேறு ஒரு குழு, உண்மையிலேயே பணம் போய்ச் சேரும் நன்கொடை முடிவுகளை எடுக்கச் சொல்லிச் சோதித்தது. விளையாட்டுக்கு எடுத்த முடிவுகளில் அந்த மேடு வந்தது; யோசித்து எடுத்த முடிவுகளில் பெரும்பாலும் காணவில்லை.

இதனால் சுயேச்சை நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லிபெட் தேடிய இடம் தப்பு என்று மட்டும் சொல்வேன்.

நம் துறையில் காஸ்கேட் கன்ட்ரோல் என்று ஒன்று உண்டு. மற்ற துறைக்காரர்களுக்காக ஒரு நிமிடம். ஒரு பெரிய கலனின் வெப்பநிலையை நிலையாக வைக்க வேண்டும். நீராவி வால்வை ஒரு கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. நீராவி ஓட்டம் துளி மாறினாலும் உடனே வால்வைத் திருத்தும். இது உள்வட்டம், படுவேகம். இதற்கு மேலே இன்னொரு கன்ட்ரோலர். அது வால்வைத் தொடுவதே இல்லை. கலனின் வெப்பத்தைப் பார்த்து, நிதானமாக, உள்வட்டத்துக்கு 'இனி உன் இலக்கு இவ்வளவு' என்று மாற்றிக் கொடுக்கும். இது வெளிவட்டம். வெளிவட்டம் மெதுவாகத்தான் இருக்க வேண்டும். அவசரப்பட்டால் மொத்தமும் ஆடத் தொடங்கிவிடும். இப்போது ஒருவன் உள்வட்டத்தை மட்டும் அரை விநாடி அளந்துவிட்டு, 'இந்த ஆலையில் யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை, வால்வு தானாக அசைகிறது' என்று அறிக்கை கொடுத்தால் எப்படி இருக்கும்?

விடுதியில் ஒருவன் இருந்தான். ஆறு மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவதில் மன்னன். தன்னைப் பற்றி அவனுக்கே நன்றாகத் தெரியும். அதனால் போனை அறையின் மறுகோடியில், ஒரு எவர்சில்வர் வாளிக்குள் போட்டுவிட்டுப் படுப்பான். காலையில் அந்த வாளி போடும் சத்தத்தில் மாடியே எழுந்துவிடும். அதிகாலை ஆறு மணிக்கு அவனுக்குச் சுயேச்சை கிடையாது என்பது உண்மை. ராத்திரி பத்து மணிக்கு இருந்தது. அந்தப் பத்து மணிக்காரன் ஆறு மணிக்காரனைக் கட்டிப் போட்டான். சுயேச்சையை நான் தேடுவது அந்த இடத்தில்தான். பத்து மணிக்காரனுக்கும் காரணங்கள் உண்டே, அப்பா திட்டியது, அரியர் விழுந்தது என்று கேட்பீர்கள். உண்டுதான். காரணமே இல்லாமல் மிதக்கும் சுதந்திரம் எனக்கு வேண்டாம். தன்னைத் தானே பார்த்து, தன் இலக்கைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதே என் கேள்வி. அப்படிப் பார்த்தால் சுயேச்சை உண்டு, இல்லை என்று இரண்டே பதிலில் அடங்குகிற சமாச்சாரம் அல்ல. சிலரிடம் சில நேரம் அதிகம், சில நேரம் குறைவு. தூக்கமில்லாவிட்டால் குறையும். போதையில் குறையும். சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. 1860-இன் தண்டனைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆவது பிரிவு. செய்யும் நேரத்தில், தான் செய்வது என்ன, அது தவறா என்று அறியும் நிலையில் மனம் இருந்ததா என்று கேட்கிறது. லாப்லாஸுக்கு அங்கே வேலை இல்லை.

நல்ல தூக்கம், நல்ல பயிற்சி எல்லாம் இருந்தும் வெளிவட்டம் கெட்டுப்போக இன்னொரு வழி உண்டு. கருவி பொய் சொன்னால் போதும்.

1979 மார்ச் 28, விடியற்காலை நான்கு மணி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், இரண்டாவது அலகு. தண்ணீர் செலுத்தும் பம்புகள் நின்றன. அழுத்தம் கூடியது. ரிலீஃப் வால்வு திறந்தது. அணு உலை தானாக நின்றது. எல்லாம் சொன்னபடி. சில விநாடிகளில் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் பேனலில் அதற்கான விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்படவே இல்லை. வால்வுக்குப் போகும் மின்கட்டளையோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. 'மூடு என்று சொல்லியாயிற்று' என்பதற்கும் 'மூடியாயிற்று' என்பதற்கும் உள்ள வித்தியாசம், நம் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நமக்கே தெரியும்.

முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. அவசரக் குளிர்நீர் தானாகப் பாயத் தொடங்கியது. பிரஷரைசர் என்னும் கலனில் மட்டம் ஏறுவதாகக் கருவி காட்டியது. அது முழுக்க நிரம்பவே கூடாது என்பது அவர்களுக்கு ஊட்டப்பட்ட பயிற்சி. ஆகவே தண்ணீர் அதிகம் என்று நினைத்து, அவசர நீரைக் குறைத்தார்கள். உள்ளே உலை தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. காலையில் புதிதாக வந்து சேர்ந்த ஒரு மேற்பார்வையாளர் சந்தேகப்பட்டு, 6.22 மணிக்கு அந்தக் குழாயில் இருந்த தடுப்பு வால்வை மூடச் செய்தார். தாமதம், இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம். உலையின் மையத்தில் சுமார் பாதி உருகிவிட்டது.

தண்ணீரைக் குறைத்தவர்கள் சுயேச்சையாகத்தான் குறைத்தார்களா? யாரும் துப்பாக்கி காட்டவில்லை. மூளையில் கட்டி இல்லை. அனுபவசாலிகள். ஆனால் ஒன்று: 1977 செப்டம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்திலும் இதே வகை வால்வு இதே மாதிரி திறந்தபடி சிக்கியது, அங்கிருந்தவர்களும் அவசர நீரைக் குறைத்தார்கள். உலை அப்போது குறைந்த சக்தியில் ஓடியதாலும், சிக்கலைச் சீக்கிரம் கண்டுபிடித்ததாலும் தப்பித்தது. இரண்டு ஊர், வெவ்வேறு ஆட்கள், ஒரே தப்பு. விசாரணைக் குழுவின் தலைவர் ஜான் கெமனி. நம்மில் பலர் முதல் கம்ப்யூட்டர் பாடமாகப் படித்த பேசிக் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஆபரேட்டர்களின் தவறை அந்தக் குழு மறைக்கவில்லை. ஆனால் பயிற்சி, நடைமுறைக் குறிப்புகள், கன்ட்ரோல் ரூம் அமைப்பு, முந்தைய சம்பவத்தின் பாடம் போய்ச் சேராதது என்று கைகாட்டிக்கொண்டே போனது.

இங்கே ஒரு சறுக்கல் இருக்கிறது. காரணங்களைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் ஆள் மறைந்துவிடுகிறான். அது எவ்வளவு தூரம் வலிக்கும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு ரசாயன ஆலை. பெயர் வேண்டாம். பத்து வருடத்துக்குள்தான். மாற்று ஆள் வராததால் இரண்டாவது ஷிப்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆபரேட்டர், பதினான்காவது மணி நேரத்தில், ஒன்றாம் எண் வால்வுக்குப் பதில் இரண்டாம் எண்ணைத் திறந்துவிட்டார். சூடான காஸ்டிக் கரைசல் தரையில் பாய்ந்து, உதவியாளர் ஒருவரின் இரண்டு கால்களும் வெந்தன. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. விசாரணைக் குழுவில் மூன்று பேர், நான் கடைக்குட்டி. போய்ப் பார்த்தால், தரையில் இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு என்று நிற்கும் வால்வுகள், பேனலில் வலமிருந்து இடமாக இருந்தன. வரைபடத்தை எதிர்ப்பக்கம் இருந்து பார்த்து யாரோ வரைந்தது. ஆலை தொடங்கிய நாளிலிருந்து அப்படியே.

ஆபரேட்டரைக் கூப்பிட்டோம். "கை தானாப் போயிருச்சு சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "ஆனா கை என்னோடதுதானே" என்றார்.

குழுவின் தலைவர் நல்ல மனிதர். அவர் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று, 'அந்த நிலையில் யாராக இருந்தாலும் இதையே செய்திருப்பார்கள்' என்று வரைவு அறிக்கையில் எழுதினார். விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. மறுநாள் அந்த ஆபரேட்டர் என் அறை வாசலில் நின்றார். "யாரா இருந்தாலும்னு எழுதியிருக்காங்களாம். இருபத்துநாலு வருஷமா வால்வைத் தொடுறதுக்கு முன்னாடி நம்பரைச் சத்தமாச் சொல்லித்தான் திறப்பேன் சார். எவனும் சொல்லிக் குடுக்கல, நானா வச்சுக்கிட்டது. பசங்க கிண்டல் பண்ணுவாங்க. அதுவும் யாரா இருந்தாலும் செஞ்சிருப்பாங்களா? அன்னிக்கு நான் சொல்லல. சொல்லாததும் நான்தான்."

எனக்குப் பதில் வரவில்லை. இன்று வரை சுயேச்சை பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் பார்க்கவில்லை. 2023-இல் ராபர்ட் சபோல்ஸ்கி என்ற ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் சுயேச்சை துளியும் கிடையாது, ஆகவே பழியும் கிடையாது, பாராட்டும் கிடையாது என்று தடிமனாக ஒரு புத்தகம் எழுதினார். கருணையோடு எழுதியிருக்கிறார். ஆனால் பழியை எடுக்கும்போது அந்த இருபத்துநாலு வருடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார். அந்த மனிதர் அதற்குச் சம்மதிக்க மாட்டார். நானும்தான்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அந்த வாக்கியத்தை அவர் அடித்துவிட்டு மூன்று விஷயம் எழுதினார். பேனலை மாற்ற வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் பேனலில் உட்கார வைக்கக் கூடாது. எண்ணைச் சொல்லித் திறக்கும் வழக்கத்தை எல்லா ஆபரேட்டர்களுக்கும் இவரே கற்றுத் தர வேண்டும். நிர்வாகம் மூன்றாவதை அந்த வாரமே ஏற்றுக்கொண்டது, செலவில்லை பாருங்கள். முதலாவதுக்கு ஆறு மாதம் ஆனது. இரண்டாவது, நான் அங்கிருந்து விலகும் வரை சுற்றறிக்கையாகவே இருந்தது. அவருக்கு ஒரு இன்கிரிமென்ட் போனது. உதவியாளர் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் ஷிப்ட் முடிந்து நேராக அங்கேதான் போவார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரைப் போகச் சொன்னவர் யாரும் இல்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் வெளியே போய்ச் செய்யப்போவது பெரும்பாலும் பேனல்கள்தான். சிலருடையது இரும்பில் இருக்கும், சிலருடையது போன் திரையில். 'சம்மதம்' பட்டனைப் பெரிதாகப் பச்சையில் போட்டு, 'வேண்டாம்' என்பதைச் சாம்பல் நிறத்தில் மூலையில் ஒளிக்கச் சொல்லி உங்கள் மேலதிகாரி கேட்பார். அது உள்வட்டத்தை மட்டும் கொக்கி போட்டுப் பிடித்து, வெளிவட்டம் விழித்துக்கொள்வதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ளும் வித்தை. இந்த மாதிரித் தந்திரங்கள் பதின்மூன்றைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை விதிமுறையே கொண்டுவந்தது. அதைப் படித்துப் பாருங்கள். பதின்மூன்றில் பாதி உங்கள் போனிலேயே கிடைக்கும். ஷிப்ட் அட்டவணை போடும் இடத்துக்கு வருகிறவர்களுக்கு இன்னும் நேரடியான அதிகாரம்: ஒருவருடைய தூக்கத்தை எடுத்தால் அவருடைய சுயேச்சையில் ஒரு பங்கை எடுத்துவிட்டீர்கள், பிறகு அவர் தலையில் முழுப் பொறுப்பையும் கட்டுவது கணக்கில் உதைக்கும்.

இருபது நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. செயலாளர் அண்ணா கடிகாரத்தைக் காட்டுகிறார். அவர் காட்டுவது கட்டளையா, நிலவரமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கேள்வி நேரம் உண்டு என்றார்கள். முன்வரிசைப் பேராசிரியர்கள் காஸ்கேட் கன்ட்ரோலில் கேட்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.